ஒளிச்சிதறலும் அறுவை மருத்துவமும்: டிண்டால், லிஸ்டர் ஆய்வுகளின் தொடர்பு

1. முன்னுரை

அறிவியல் வரலாறு எழுதுவோர் ஒளியியலை ஒரு நூலிலும் மருத்துவத்தை மற்றொரு நூலிலும் அமைத்தல் வழக்கம். அதனால் அவ்விரு துறைகளும் ஒன்றையொன்று தொட்ட இடங்கள் இரண்டு நூல்களிலும் இடம்பெறாமற் போவதுண்டு. அத்தகைய இடங்களுள் ஒன்று 1868 முதல் 1890 வரையுள்ள காலப்பகுதி. வானம் நீலமாகத் தோன்றுவது ஏன் என்று ஆராயப் புகுந்த இயற்பியலறிஞர் ஒருவரின் ஒளிக்கற்றை, அறுவைக்குப்பின் புண் அழுகி மாண்ட நோயாளரைப் பற்றிய வழக்கில் அக்காலத்தில் சான்றாக வந்து நின்றது. அச்சான்று எதனை நிறுவியது, எதனை நிறுவவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

ஒளியலைகளின் அதிர்வு எல்லாத் திசைகளிலும் பரவி நில்லாது ஒரு தளத்தில் மட்டும் அமைதலைத் தமிழில் 'தளவிளைவு' என்றும் 'முனைவாக்கம்' என்றும் வழங்குவர். இவற்றுள் முன்னது நிகழ்ச்சியைச் சுட்டும் பெயர். பின்னது ஐரோப்பியச் சொல்லின் வழிவந்த பெயர். 1808-இல் பாரிசு நகரில், லக்சம்பர்க் அரண்மனைச் சாளரங்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலைப் படிகக் கல் ஒன்றின் வழியாக நோக்கிய மாலஸ் என்னும் பொறியாளர் இந்நிகழ்ச்சியைக் கண்டார். ஒளி நுண்துகள்களால் ஆயது என்றும், காந்தத்திற்குப் போல அத்துகள்களுக்கும் முனைகள் உண்டு என்றும் அவர் கருதினார். பெயரும் அக்கருத்தின்படியே அமைந்தது. கருத்து மறைந்தபின்னும் பெயர் நிலைத்தது. பிழைபட்ட விளக்கத்தினின்றும் உண்மையான பயன் விளைதல் கூடும் என்பதற்கு இச்சொல்லே சான்று. இதனைப் பின்னரும் காண்போம்.

மறு ஆண்டிலேயே, வானத்திலிருந்து வரும் ஒளியும் தளவிளைவுற்றது என்று அராகோ கண்டறிந்தார். ஞாயிற்றை நோக்கிய திசைக்குச் செங்குத்தான பகுதியில் அது மிக்கிருந்தது. இதற்குக் காரணம் யாது என்னும் வினா அறுபது ஆண்டுகள் விடை காணாது நின்றது.

3. டிண்டாலின் குழாய்

அயர்லாந்தில் 1820-இல் பிறந்த ஜான் டிண்டால், 1853 முதல் இலண்டன் அரச நிறுவனத்தில் இயற்பியற் பேராசிரியராக விளங்கியவர். அவர் நீண்ட கண்ணாடிக் குழாயொன்றில் சில நீர்மங்களின் ஆவியை நிரப்பி, அதனூடே மின்விளக்கின் ஒளிக்கற்றையைச் செலுத்தினார். ஒளியின் வினையால் ஆவி சிதைந்து, மிக நுண்ணிய துகள்களாலாகிய மேகம் ஒன்று தோன்றியது. தொடக்கத்தில் அது நீலநிறமாக இருந்தது. கற்றைக்குச் செங்குத்தான திசையில் நின்று நிக்கோல் பட்டகத்தின் வழியாக நோக்கியபோது, அந்நீலவொளி முற்றும் தளவிளைவுற்றிருந்தது. துகள்கள் பருக்கப் பருக்க நிறம் வெளுத்தது, தளவிளைவும் குறைந்தது. வானொளியின் இரு பண்புகளும் ஒருசேர ஆய்வுக்கூடத்துக் குழாயில் உருவாயின. 1869-இல் வெளியான இம்முடிவுக்குக் கணித விளக்கம் தந்தவர் இராலே. சிதறும் ஒளியின் வலிமை அலைநீளத்தின் நான்காம் அடுக்கிற்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும் என்று அவர் 1871-இல் நிறுவினார்.

இவ்வாய்வுக்கு இடையூறாக இருந்தது சாதாரணக் காற்றிலுள்ள தூசியே. அதனை நீக்காமல் நீலமேகத்தைத் தெளிவாகக் காண இயலவில்லை. காற்றைச் சாராய விளக்கின் சுடர்மீது செலுத்தியபோது, மிதந்த தூசி எரிந்து மறைந்தது. ஆகவே அதன் பெரும்பகுதி உயிர்ப்பொருளின் வழிவந்தது என்று டிண்டால் உணர்ந்தார். தூசி நீங்கிய காற்றில் ஒளிக்கற்றையின் தடம் புலப்படாது. குழாய் இருண்டு கிடக்கும். அந்நிலையை அவர் ஒளிக்கு வெறுமையான நிலை என்றார். தடையாக வந்த தூசியே அதன்பின் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

4. லிஸ்டரின் நோயாளர்

அதே காலத்தில் கிளாஸ்கோ அரச மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் அறுவைப் பேராசிரியராகப் பணியாற்றினார். எலும்பு முறிந்து தோலும் கிழிந்த நோயாளரிற் பலர் புண் அழுகி இறந்தனர். உயிர் காக்க உறுப்பை நீக்கினால், அந்த அறுவைப் புண்ணும் அழுகிற்று. நுண்ணுயிர்களே அழுகலுக்குக் காரணம் என்னும் பாஸ்டரின் ஆய்வை வேதியியற் பேராசிரியர் ஆண்டர்சன் வாயிலாக அறிந்த லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்க முற்பட்டார். 1865 ஆகஸ்டு 12-ஆம் நாள், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனுக்கு இம்முறை கையாளப்பட்டது. ஆறு வாரங்களில் அவன் நலமுற்றான். 1867-இல் லிஸ்டர் வெளியிட்ட கட்டுரையில் இத்தகையோர் 11 பேரின் வரலாறு உண்டு. அவர்களுள் ஒருவர் இறந்தார், ஒருவர் உறுப்பிழந்தார், ஒன்பதின்மர் உறுப்பும் உயிரும் காக்கப்பெற்றனர்.

1870-இல் அவர் வெளியிட்ட கணக்கு இன்னும் புகழ்பெற்றது. புதுமுறைக்கு முன்னர், 1864, 1866 ஆகிய ஈராண்டுகளில் உறுப்பு நீக்கம் பெற்ற 35 பேரில் 16 பேர் மாண்டனர். 1867 முதல் 1869 வரையுள்ள மூவாண்டுகளில் 40 பேரில் 6 பேரே மாண்டனர். நிறைவான ஒப்பீட்டிற்கு இவ்வெண்கள் மிகச் சிறியன என்பதை லிஸ்டரே ஒப்புக்கொண்டார். இரு தொகுதிகளும் ஒரே காலத்தவை அல்ல. ஆதலின் வேறு காரணங்களும் இடையே புகுந்திருக்கலாம் என்னும் ஐயத்தை இக்கணக்கால் மட்டும் நீக்க இயலாது.

5. இரு ஆய்வுகளும் சந்தித்த இடம்

லிஸ்டரை நெடுங்காலம் வருத்திய புதிர் ஒன்றுண்டு. விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்தினால், மார்புக் கூட்டினுள் குருதியும் காற்றும் கலக்கும். எனினும் அக்குருதி அழுகுவதில்லை. வெளியிலிருந்து மார்பைத் துளைத்த புண்ணிலோ அழுகல் விரைவில் தோன்றும். இரண்டிடத்தும் புகுவது காற்றே. விளைவு மட்டும் வேறுபட்டது ஏன்? மூச்சுக் குழாய்களின் வழிச் செல்லும் காற்று, அவற்றின் ஈரமான சுவர்களில் நுண்ணுயிர்களை இழந்து தூய்மையடைகிறது என்று அவர் ஊகித்தார். நோயாளரை நோக்கிப் பெற்ற கருத்து அது. நேரிற் காட்டற்குக் கருவி அவரிடம் இல்லை.

அக்கருவி டிண்டாலின் ஒளிக்கற்றையே. 1870 ஜனவரியில் தூசியும் நோயும் பற்றி அரச நிறுவனத்தில் நிகழ்த்திய சொற்பொழிவில், அவர் தம் மூச்சுக் காற்றைக் கற்றையின்மீது செலுத்திக் காட்டினார். மூச்சின் முற்பகுதியில் தூசி மின்னியது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வந்த இறுதிப் பகுதியில் கற்றை இருண்டது. பருத்திப் பஞ்சின் வழியாக விட்ட மூச்சிலும் அவ்வாறே நிகழ்ந்தது. லிஸ்டரின் ஊகத்தை அவையோர் கண்ணாரக் கண்டனர்.

6. ஒளி கூறாதது

எனினும், தூசி நீங்கிற்று என்பதும் நுண்ணுயிர் நீங்கிற்று என்பதும் ஒன்றல்ல. ஒளிக்கற்றை துகளைக் காட்டும். அத்துகள் உயிருள்ளதா, புண்ணில் புகுந்து பெருக வல்லதா என்பதைக் காட்டாது. இவ்வேறுபாட்டை டிண்டாலே தம் பின்னைய ஆய்வில் கற்க நேர்ந்தது. உட்புறம் கிளிசரின் பூசிய பெட்டியில் தூசி முழுதும் படியும்வரை காத்திருந்து, பின்னர் இறைச்சி, மீன், காய்கறி ஆகியவற்றின் சாறுகளைக் காய்ச்சி வைத்தார். அவை கெடவில்லை. ஆனால் 1876-இல் உலர்புல்லின் சாற்றை ஆய்ந்தபோது, ஒளிக்கு வெறுமையான பெட்டியிலும் அது கலங்கிக் கெட்டது. கொதிநீரிலும் மடியாத உறைநிலை நுண்ணுயிர்கள் உலர்புல்லில் இருந்தமையே காரணம். பலமுறை இடைவிட்டுக் காய்ச்சும் முறையை அவர் வகுத்ததும் இத்தோல்வியின் பயனே.

அவர் கூறிய வெறுமையும் கண்ணின் எல்லையைக் குறித்ததேயன்றி முற்றான வெறுமையன்று. தூசியற்ற காற்றின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதற வைத்து வானை நீலமாக்க வல்லன என்று இராலே 1899-இல் காட்டினார். இவ்வழியைப் பின்பற்றி, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1921-இல் கடற்பயணத்தின்போது நிக்கோல் பட்டகத்தால் மேற்பரப்பில் திரும்பும் ஒளியை விலக்கி, நீரின் உள்ளிருந்து வரும் நீலத்தை ஆராய்ந்தார். கடலின் நிறம் வானின் நிழல் மட்டும் அன்று என அவர் நிறுவினார். டிண்டால் இடையூறு என்று நீக்கிய தூசிக்கு அப்பாலும் சிதறல் தொடர்ந்ததை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன.

7. தெளிப்பின் எழுச்சியும் வீழ்ச்சியும்

மருத்துவத்தில் இவ்வேறுபாட்டை மறந்ததன் விளைவு எளியதன்று. காற்றே பகை என்னும் எண்ணம் வலுப்பெற, லிஸ்டர் 1871 முதல் அறுவை நிகழும் இடத்தில் கார்பாலிக் நீரைப் புகைபோலத் தெளிக்கலானார். அது மருத்துவரின் கையையும் கண்ணையும் நோயாளரின் உடலையும் ஒருங்கே வருத்தியது. தெளிப்பின்றியும் புண்கள் நன்கு ஆறுதலைக் கண்ட ஜெர்மானிய மருத்துவர் புரூன்ஸ், 1880-இல் அதனைக் கைவிடுமாறு வெளிப்படையாக எழுதினார். 1890-இல் பெர்லினில் கூடிய மருத்துவப் பேரவையில் லிஸ்டர், காற்றிலுள்ள நுண்ணுயிர்களை அழிப்பதற்கெனத் தாம் தெளிப்பைப் பரிந்துரைத்தமைக்கு வெட்குவதாகவே கூறினார். கை, கருவி, துணி ஆகியவற்றின் வழிப் புகும் நுண்ணுயிரே பெரிதும் அஞ்சத்தக்கது என்பது அதற்குள் தெளிந்திருந்தது. கையைத் தூய்மை செய்தலின் பயனைச் செம்மல்வைஸ் வியன்னாவின் மகப்பேற்று மனையில் 1847-இலேயே காட்டியிருந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஆயின் காற்று குற்றமற்றது என்று துணிதலும் பொருந்தாது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவை பெற்ற 8055 பேர் பற்றிய பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 1982-இல் வெளிவந்தது. வழக்கமான அறையில் அறுவை பெற்ற 4133 பேரில் 63 பேருக்கும், மிகத் தூய காற்றோட்டமுள்ள அறையில் அறுவை பெற்ற 3922 பேரில் 23 பேருக்கும் ஆழ்ந்த சீழ்நோய் உண்டாயிற்று. அதனால் தூய காற்று பெரிதும் போற்றப்பட்டது. எனினும் நோய்த்தடுப்பு மருந்துகள் பரவலாக வழங்கும் பிற்காலத்தின் கணக்குகளையும் ஆராய்ந்த உலக நலவாழ்வு நிறுவனம், 2016-இல், மூட்டு மாற்று அறுவையில் சீழ்நோயைக் குறைத்தற்பொருட்டு ஒருசீர்க் காற்றோட்ட அமைப்பைக் கையாள வேண்டுவதில்லை என்னும் கருத்தையே முன்வைத்தது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. நோயாளரைக் கூர்ந்து நோக்கிய லிஸ்டர் வினாவைத் தந்தார். சிதறும் ஒளியை ஆராய்ந்த டிண்டால் அதற்குக் கண்கூடான சான்றைத் தந்தார். அச்சான்று நுரையீரலின் வடிகட்டுந் தன்மையை மெய்ப்பித்தது. தெளிப்பின் தேவையை மெய்ப்பிக்கவில்லை. கண்முன் மின்னிய தூசி, கையில் மின்னாது ஒட்டியிருந்த பகையை மறைத்துவிட்டது என்றே கூறலாம். அதனைத் திருத்தியது மற்றொரு கருவியன்று; புண் ஆறியோர், ஆறாதோர் கணக்கே.

இன்றும் அறுவை அறைகளின் காற்றில் உள்ள துகள்களை எண்ணும் கருவி, ஒளிச்சிதறலைக் கொண்டே இயங்குகிறது. அது தரும் எண் துகளின் எண்ணே. அதனை உயிர் காக்கும் எண்ணாகக் கொள்ளுமுன் நோயாளரின் கணக்கையும் அருகில் வைத்து நோக்குதல் வேண்டும் என்பது, 1870-க்கும் 1890-க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகள் நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.