கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் ஏரிகளின் நாடு. கடலலையின் ஓசை அங்கே கேட்பதில்லை. ஆயினும், 2000ஆம் ஆண்டு முதல் அவ்வட்டாரத்து ஆலையொன்றில் மணலை உருக்கிக் கண்ணாடிப் பாளங்கள் செய்கின்றார்கள். கண்ணாடி மலிந்தால் மீன்தொட்டி வைக்கும் ஆசையும் மிகுவது இயல்பே. ஓய்வுபெற்ற தலைமையாசிரியனாகிய என்னிடம் மாணவர்கள் கேட்பதுண்டு: "ஐயா, புதிய உப்புநீர்த் தொட்டியில் பவளத்தை வைத்தால் பிழைக்குமா?" இதற்கு விடை கூற வரலாற்றையே துணைக்கு அழைக்கின்றேன்.

இங்கிலாந்தில் கண்ணாடிக்கு விதித்திருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, அன்னா தைன் என்னும் சீமாட்டி டார்க்கி கடற்கரையிலிருந்து சில கற்பவளங்களை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். நூலும் ஊசியும் கொண்டு அவற்றைக் கடற்பஞ்சில் தைத்து நீரில் வைத்தார். புதிய கடல்நீர் கிடைக்காத காலத்தில், பணிப்பெண் திறந்த சன்னலருகே நின்று, அந்நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றி ஆற்றினாள். பின்னர்க் கடற்பாசியும் சேர்க்கப்பட்டது. பவளங்கள் ஏறக்குறைய மூன்றாண்டுகள் உயிர்வாழ்ந்தன. நீருக்கும் காற்று வேண்டும் என்பது முதற் பாடம்.

இரண்டாம் பாடம் கண்ணுக்குத் தெரியாதது. உயிர்களின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகின்றது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவற்றை வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் 1890-களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்துக் காட்டினார். புதிய தொட்டியில் இவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் பவளத்தை இட்டால் மடியும். பாலில் உறைமோர் விட்டவுடன் தயிராகிவிடுமா?

நம் சென்னையிலும் இத்துறைக்கு வரலாறு உண்டு. 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், 1909-இல் மெரினா கடற்கரையில் கடல்வாழ் உயிர்க்காட்சியகம் திறக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவின் உயிரினங்களை நேரில் ஆராய்ந்தவர் அவர்.

அவ்வளைகுடாவின் பாறைப் பவளங்களுக்கு வேறொரு தேவையும் உண்டு. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்ந்து, ஞாயிற்றின் ஒளியால் உணவு சமைத்துப் பவளத்தையும் ஊட்டுகின்றன. அப்பாசி எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் பலாவ் தீவில் ஆராய்ந்த சப்பானியர் கவாகுட்டி 1944-இல் விளக்கினார். ஆதலால் ஒளியின்றிப் பாறைப் பவளம் வாழாது. அன்னா தைன் வளர்த்தவையோ குளிர்கடல் இனம்.

1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் தம் முறையை உலகுக்கு எழுதிக் காட்டினார். கடலில் கிடந்த உயிருள்ள பாறைத் துண்டுகளைத் தொட்டியில் இட்டு, மெல்லக் காற்றுக் குமிழிகளை விட்டு, இயல்பான ஒளியில் வைத்தார். பாறையோடு வந்த நுண்ணுயிர்களே உறைமோரைப் போல் நீரைப் பக்குவப்படுத்தின. எனவே, காற்று, நுண்ணுயிர், ஒளி, பொறுமை என்னும் நான்கும் கூடினால் பவளம் பிழைக்கும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பும் மாறாத வெப்பமும் வேண்டுமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மாணவர்கள் மறக்கலாகாத செய்தி ஒன்று. தூத்துக்குடிக் கடலில் பல்லாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்காக விற்றார்கள். அலையைத் தடுக்கும் அரண் அழிந்தது. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கின. அவ்வளைகுடா 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பாறைப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே, நம் கடலின் பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும்.

அப்படியாயின் தொட்டியே வேண்டாவோ? வேண்டும். உப்புநீரில் மீனும் நண்டும் வளர்த்து, நாள்தோறும் வெப்பத்தையும் உப்பையும் அளந்து குறித்து வாருங்கள். ஒரு சிறு தொட்டியைக் காப்பதே இத்துணை அரிது எனின், 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்வெப்பம் மிகுந்து வெளுத்த மன்னார்ப் பவளங்களைக் காப்பது எத்துணை அரிதென்பது விளங்கும். அளக்கப் பழகிய கைகளுக்கு அந்தக் கடலிலும் வேலை காத்திருக்கின்றது.