கயிற்றிலிருந்து மரையாணிக்கு: படகு இயந்திரத் தாங்கியின் உலோகத் தேர்வு குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

படகின் பின்புறத்தில் மாட்டப்படும் வெளிப்பொருத்து இயந்திரத்தைத் தாங்கி நிற்கும் சட்டம் சிறியதொரு பொருளாகும். பெரும்பாலும் துறைமுகத்தை அடுத்த சிறு பட்டறைகளில் அளவெடுத்து வெட்டி, பற்றவைத்து உருவாக்கப்படுவது அது. ஆயினும், அதனை எந்த உலோகத்தால் செய்வது என்னும் வினாவுக்குப் பின்னே இரண்டரை நூற்றாண்டுக் கடல்சார் அனுபவம் அடங்கியுள்ளது. கடலில் ஓர் உலோகத்தின் தகுதியை அதன் தனித்த வலிமை மட்டும் முடிவு செய்வதில்லை. அதனை ஒட்டி நிற்கும் மற்ற உலோகமும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டத்தோ கிராமாட்டும் வெள்ளீயமும்

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் உள்ள டத்தோ கிராமாட் சாலை, கடல்சார் உலோகங்களின் வரலாற்றோடு தொடர்புடையது. லீ சின் ஹோ என்பவர் 1897இல் தொடங்கிய வெள்ளீய உருக்காலை அச்சாலையில் இயங்கியது. 1907இல் உருவான ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் நிறுவனம் அதனை ஏற்றது. பேராக்கின் சுரங்கங்களில் கிடைத்த தாது இங்கு உருக்கப்பட்டுக் கட்டிகளாக உலகச் சந்தைக்குச் சென்றது. 1985 அக்டோபரில் அனைத்துலக வெள்ளீய மன்றம் நிலைகுலைந்து விலை வீழ்ந்தபோது மலேசிய வெள்ளீயத் தொழிலும் தளர்ந்தது. ஆலை இருந்த நிலத்தில் பின்னர்ப் பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் வணிக வளாகம் எழுந்தது.

மலேசியத் தமிழர் வழக்கில் 'ஈயம்' என்றாலே பெரும்பாலும் வெள்ளீயத்தைக் குறிக்கும். 'ஈயச் சுரங்கம்', 'ஈயக்குட்டை' ஆகிய தொடர்கள் இதற்குச் சான்று. காரீயம் இதனின் வேறானது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசும் வழக்கமும் வெள்ளீயத்தையே பயன்படுத்தியது. செம்பு கலந்த உலோகத்துக்கும் புளிப்புள்ள உணவுக்கும் இடையே ஒரு திரையிடுவதே அப்பூச்சின் பணி. ஒன்றோடொன்று சேரக்கூடாத இரண்டைப் பிரித்து வைத்தல் என்னும் இக்கருத்து, கடலிலும் அவ்வாறே பொருந்துவதைக் கீழே காணலாம்.

செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் கிடைக்கிறது. செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்னும் விழுக்காட்டில் அமைந்த 'கன்மெட்டல்', நீராவிக் கப்பல்களின் குழாய்த் திறப்பான்களுக்கும் பொருத்துறுப்புகளுக்கும் உகந்ததாகக் கருதப்பட்டது. கடல்நீரை நெடுங்காலம் தாங்கும் இவ்வுலோகத்தின் உயிர்நாடி அதிலுள்ள வெள்ளீயமே.

ஆணியில்லாப் படகு மரபு

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றத்தை நிறுவிய காலந்தொட்டே சோழமண்டலக் கரையினர் அங்கு வந்தனர். சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் துறைமுகப் படகுத் தொழிலில் முதன்மையான இடம் பெற்றனர். அவர்கள் புறப்பட்டு வந்த கரையில், அலை மோதும் மணற்பரப்பில் இறங்கியேறும் சிறு கலங்களோ உலோகத்தையே நாடாதவை. கட்டுமரம் என்னும் சொல்லே அதன் அமைப்பைக் கூறுகிறது: மரங்களைக் கயிற்றால் கட்டியது. மசூலாப் படகின் பலகைகளும் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது கட்டும் தையலும் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். ஆணியடித்த கலம் அவ்வாறு நெகிழாது. எனவே உலோகம் இன்மையை இம்மரபின் குறையாகக் கருதுதல் பொருந்தாது. அது கடற்கரையின் தன்மையறிந்த தெரிவாகும். இயந்திரம் வந்தபோது மாறியது இந்நெகிழ்ச்சிதான்.

அலார்ம் கப்பல் தந்த பாடம்

உலோகங்கள் கடலில் ஒன்றையொன்று பாதிக்கும் என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. 1761இல் பிரிட்டிஷ் கடற்படை, மரத்தை அரிக்கும் புழுக்களிலிருந்து காக்க, அலார்ம் என்னும் போர்க்கப்பலின் அடிப்பகுதியில் செப்புத் தகடு வேய்ந்தது. 1763இல் ஆய்ந்தபோது செம்பு நன்றாக இருந்தது; அதனைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகளோ அரித்துப் போயிருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புத்தாள் அகற்றப்படாமல் இடையில் நின்ற இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன. ஒரு தாளின் தடிமனே வாழ்வுக்கும் அழிவுக்கும் இடையிலான வேறுபாடாயிற்று.

இதன் காரணம் இன்று தெளிவானது. கடல்நீரில் தொட்டு நிற்கும் இரு உலோகங்கள் ஒரு மின்கலமாகின்றன. வினைத்திறன் மிக்கது கரைந்து மற்றதைக் காக்கிறது. துத்தநாகம், அலுமினியம், எஃகு, பித்தளை, வெண்கலம், துருப்பிடிக்காத எஃகு என்பது ஏறத்தாழ அவற்றின் வரிசை. முன்னிற்பது கரையும், பின்னிற்பது பிழைக்கும். பரப்பளவும் இங்கே முக்கியமாகிறது. அலார்ம் கப்பலில் செம்பின் பரப்பு பெரிது, ஆணியின் பரப்பு சிறிது. ஆகவே அழிவு முழுவதும் ஆணியில் குவிந்தது. 1824இல் ஹம்பிரி டேவி இதே விதியை நேர்மாறாகப் பயன்படுத்தினார். செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்து, அவை தேய்ந்து செம்பைக் காக்குமாறு செய்தார். இன்றைய வெளிப்பொருத்து இயந்திரங்களில் திருகப்பட்டிருக்கும் துத்தநாகத் துண்டு அந்த ஆய்வின் வழித்தோன்றலே.

இயந்திரம் வந்த பின்னர்

ஓலே எவின்ரூட் 1909இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய வெளிப்பொருத்து இயந்திரம் ஏறத்தாழ ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. தென்னிந்தியக் கரையின் சிறு கலங்களில் இவ்வகை இயந்திரங்கள் 1980களில் பரவின. 1979இல் சென்னையில் அமைந்த வங்காள விரிகுடாத் திட்டமும், 1980இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் இம்மாற்றத்தில் பங்கு கொண்டன. கட்டுமரத்தில் இயந்திரத்தை மாட்டுதற்குரிய நிமிர்ந்த பின்பலகை இல்லை. ஆகவே ஒரு சட்டம் தேவைப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. நீண்ட தண்டு கொண்ட டீசல் இயந்திரங்களை அவற்றின் மேல் நிறுத்தவும் சட்டமே வேண்டியதாயிற்று. கயிறு இருந்த இடத்தில் மரையாணி அமர்ந்தது.

தாங்கிக்குரிய உலோகம்

ரப்பர் இடைத்துண்டு ஏதுமின்றி இயந்திரத்தை நேரே இறுக்கும் திண்மத் தாங்கியில் இரு சிக்கல்கள் உள்ளன. முதலாவது அதிர்வு. நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் 1,80,000 முறை தாங்கியை உலுக்குகிறது. எஃகின் களைப்பைச் சோதிக்கும் ஆய்வுகள் வழக்கமாகக் கொள்ளும் ஒரு கோடிச் சுழற்சி, 56 மணி நேர ஓட்டத்திலேயே நிறைவுறும். அரிப்பில்லாச் சூழலில் மென்னெஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குட்பட்ட உலுக்கலை அது எண்ணிக்கையின்றித் தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. மேலும் அதன் விறைப்பு எஃகின் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே அலுமினியத் தாங்கியைத் தடித்த பகுதிகளால் அமைத்தல் வேண்டும். 6061 வகை அலுமினியம் பற்றவைத்த இடத்தில் வலிமையின் பெரும்பகுதியை இழக்கும். மக்னீசியம் கலந்த 5083 வகை இவ்வகையில் மேலானது.

இரண்டாவது சிக்கல் அண்டை உலோகம். ரப்பர் துண்டு அதிர்வைத் தணிப்பதோடு உலோகங்களைப் பிரித்தும் வைக்கிறது. அலார்ம் கப்பலின் பழுப்புத்தாள் செய்த பணியும் அதுவே. திண்மத் தாங்கியில் அத்திரை இல்லை. வெளிப்பொருத்து இயந்திரத்தின் உடலும் பிடிச்சட்டமும் அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்டவை. அதனை வெண்கலத் தாங்கியில் நேரே இறுக்கினால் கரைவது இயந்திரமே. மரக்கலங்களில் புகழ்பெற்ற கன்மெட்டல், அலுமினிய இயந்திரத்தின் அருகே தீய துணையாகிறது. பித்தளையோ தன் துத்தநாகத்தையே கடலுக்கு இழந்து உள்ளீடற்றுப் போகும். 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு உவர்நீரில் குழிவிழும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கொண்ட 316 மேலானது, எனினும் காற்றுப்புகா இடுக்குகளில் அதுவும் அரிக்கும். துருப்பிடிக்காத மரையாணி சிறியதாகவும் அலுமினியப் பரப்பு பெரியதாகவும் இருப்பின் தீங்கு குறைவு. மாறாக இருப்பின் மிகுதி.

இவற்றை எடைபோட்டுப் பார்த்தால், சிறு பட்டறைக்கு ஏற்றவை இரண்டே எனலாம். உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த மென்னெஃகு ஒன்று. அதன் பூச்சு மின்வரிசையில் அலுமினியத்தை அடுத்து நிற்பது. பூச்சுத் தேய்ந்தபின் எழும் துருவும் கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கையாகும். வெட்டுதல், துளையிடுதல், பற்றவைத்தல் அனைத்தையும் முடித்த பின்னரே தோய்த்தல் வேண்டும். தடித்த 5083 அலுமினியம் மற்றொன்று. எதுவாயினும் மரையாணியைச் சுற்றி நெகிழி வாஷரும் உறையும் இடுவது, ஈயம் பூசிய பாத்திரத்தின் நெறியைப் படகிலும் பின்பற்றுவதாகும்.

முடிவுரை

தாங்கி முறிந்தால் இழப்பு இயந்திரத்தோடு நிற்பதில்லை. கரை காணாத் தொலைவில் உந்துவிசையற்ற படகில் இருப்போரின் உயிரும் அதில் தொங்குகிறது. கயிற்றின் நெகிழ்ச்சியை அறிந்திருந்த மரபு, உலோகத்தின் உறவையும் அறிதல் வேண்டும். டத்தோ கிராமாட்டில் உருகிய வெள்ளீயம் உயர்ந்ததே. ஆனால் உயர்வும் தாழ்வும் இடத்தையும் துணையையும் பொறுத்தவை. பட்டறைத் தொழிலாளர் கையறிவாகக் கொண்டிருக்கும் இச்செய்திகளையும், அவர்தம் கலைச்சொற்களையும் தொகுத்து வகுப்பறைக்குக் கொணர்தல் தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் உரிய பணியாகும்.