அடகு வைக்கப்பட்ட பிள்ளைப் பருவம்

காஞ்சி மாநகரின் கோபுரங்களும் கல்வெட்டுகளும் அரசர்களின் வரலாற்றைக் கூறும். தறியோரம் அமர்ந்திருந்த சிறுவரின் வரலாற்றை அவை கூறுவதில்லை. அதனை நாம் கடன் கணக்குகளிலும் சட்டங்களிலுமே தேடவேண்டும்.

உடலும் கரையும் வெவ்வேறு நிறங்கொண்ட பட்டுச் சேலையைக் கோர்வை முறையில் நெய்வர். அதற்கு மூன்று நாடாக்கள் தேவை. நெசவாளரின் இரு கைகள் போதா. தறியின் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை எறிய இன்னொருவர் வேண்டும். நெடுங்காலம் அவ்விடத்தில் சிறுவரே அமர்ந்தனர். வறிய பெற்றோர் தறி முதலாளியிடம் முன்பணம் பெற்றுப் பிள்ளையை அனுப்பினர். கூலியால் கடன் அடையவில்லை. கடன் அடையும்வரை பிள்ளைக்கு விடுதலையுமில்லை.

பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என 1933-ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. கொத்தடிமை முறை 1976-இல் ஒழிக்கப்பட்டது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவுக் கூடங்களில் சிறுவரை வேலைக்கு அமர்த்தத் தடை விதித்தது. ஆனால் குடும்பத்தார் துணையுடன் நடைபெறும் வீட்டுப் பட்டறைகளுக்கு விலக்களித்தது. காஞ்சியின் தறிகளோ பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. சட்டம் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. அதன் பின்னரும், 2003-இல் வெளிவந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை காஞ்சிப் பட்டுத் தறிகளில் கொத்தடிமைச் சிறுவரைக் கண்டது.

1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், தறியிலிருந்து மீட்கப்பட்டோருக்கான சிறப்புப் பள்ளிகளும், 2009-இன் கல்வி உரிமைச் சட்டமும் பலரைத் தறியிலிருந்து எழுப்பின. 2016-இல் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவது எல்லாத் தொழில்களிலும் தடை செய்யப்பட்டது. ஆயினும் பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது.

திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், உடலும் உள்ளமும் முதிருமுன் சிறுவரைத் தொழிற்கூடங்களுக்கு அனுப்பலாகாது என எச்சரித்தது. அரசர்கள் இரண்டாம் நூலிலும் நாம் ஓர் ஏழைக் கைம்பெண்ணைக் காண்கிறோம். கடன் கொடுத்தவன் அவளுடைய இரு புதல்வரையும் அடிமைகளாக்க வருகிறான். எலிசா அவளுக்கு ஆறுதல் மொழியோடு அமையவில்லை. எண்ணெய் பெருகியது, கடன் தீர்ந்தது, எஞ்சியதில் குடும்பமும் வாழ வழி பிறந்தது.

பிள்ளையை மீட்பது என்பது அவ்வீட்டின் கடனையும் மீட்பதே. பெற்றோரைப் பழிப்பது எளிது. அவர்கள் முன்பணம் தேடி அலையாதபடி நெசவுக்கு நியாயமான கூலி கிடைக்கச் செய்வதே நீதி. திருமணத்திற்குப் பட்டெடுக்கச் செல்லும் நாம் சரிகையின் தரத்தைக் கேட்கிறோம். கரை நாடாவை எறிந்த கைகளைப் பற்றியும் கேட்போமாக.