மதுரைக் கடைவீதியில் ஒரு பகலும் ஓர் இரவும்

வார இறுதியில் வெளியூர் புறப்படுகின்றவர், அந்த ஊரை அறிந்தவரிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பார். எந்தத் தெருவில் என்ன வாங்கலாம்? எந்தக் கடையில் வயிறாரச் சாப்பிடலாம்? இவை இலக்கியத்துக்குப் புறம்பான கேள்விகள் என்று நேயர்கள் எண்ண வேண்டியதில்லை. தமிழின் மிகப் பழைய நூல்கள் சில, இக்கேள்விகளுக்கு விடை சொல்வதையும் தம் கடமையாகக் கொண்டிருந்தன.

ஆற்றுப்படை என்ற வகையை எடுத்துக்கொள்வோம். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதே அதன் அமைப்பு. வழி சொல்லும்போது அவன் சாப்பாட்டையும் சேர்த்தே சொல்கிறான். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின்படி, எயிற்பட்டினத்துப் பரதவரிடம் சுட்ட குழல்மீன் கிடைக்கும். வேலூரில் எயினர் புளியிட்ட சோற்றோடு ஆமான் இறைச்சி தருவர். ஆமூர் உழவர் வீட்டில் கைக்குத்தரிசிச் சோறும் நண்டுக் கறியும் உண்டு. இவை யாவும் விருந்தாக இட்ட சோறு. காசு கொடுத்து வாங்கும் நகரத்தைக் காண வேண்டுமானால் மதுரைக்குப் போக வேண்டும்.

பத்துப்பாட்டில் மிக நீண்டது மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு மாங்குடி மருதனார் பாடியது. 782 அடிகள் கொண்டது. நிலையாமையை அரசனுக்கு உணர்த்துவது அதன் நோக்கம். ஆயினும் புலவர் அதனுள்ளே மதுரையின் ஒரு பகலையும் ஓர் இரவையும் முழுமையாக நடந்து காட்டுகிறார்.

ஆறுகளைப் போல் அகன்ற தெருக்கள். பகற்கடையான நாளங்காடியில் பூ விற்போர், மாலை கட்டுவோர், வாசனைப் பொடி விற்போர், வெற்றிலையும் பாக்கும் சங்கு சுட்ட சுண்ணாம்பும் விற்போர் இருக்கின்றனர். யானையும் தேரும் குதிரையும் அவ்வழியே விரைந்து வரும்போது இந்தச் சிறுவியாபாரிகள் உயிருக்கு அஞ்சி ஒதுங்குகின்றனர். அவை போன பிறகு மாடங்களின் நிழலில் மீண்டும் அமர்கின்றனர். அரசனைப் பாட வந்த புலவர், அவனுடைய படைகளைக் கண்டு ஒதுங்கிய பூக்காரரையும் விட்டுவிடவில்லை. நரைத்த முதிய பெண்கள் பலகாரமும் பூவும் ஏந்தி வீடுவீடாகச் செல்கின்றனர்.

உணவுப் பகுதியில் பலாச்சுளை, மாங்கனி, பலவகைக் காய்கள், இளங்கீரை, கற்கண்டுக் கட்டி, பேர்பெற்ற ஊன்சோறு, கிழங்கு என்று பட்டியல் நீள்கிறது. மாலையில் அல்லங்காடி கூடும்போது, அதன் ஓசை பொழுதுசாயக் கூடு திரும்பும் பறவைகளின் ஆரவாரத்துக்கு ஒப்பிடப்படுகிறது. சங்கு வளையல் கடைவோர், மணிக்குத் துளையிடுவோர், பொன்னை உரைத்து மாற்றுப் பார்ப்போர், புடவை விற்போர், செம்பை நிறுத்து வாங்குவோர் என ஒவ்வொரு தொழிலாளரும் அங்கே வருகின்றனர். இரவு முதிர்ந்து கடைகள் அடைபடும் வேளையில், தேன்கூட்டைப் போன்ற மெல்லிய அடையும் மோதகமும் விற்கும் கூவியர் இருந்த இடத்திலேயே தூங்கிவிழுகின்றனர். அதன் பின்னரும் நகரம் முற்றாக உறங்கவில்லை. நூலேணி கொண்ட கள்வர் இருளில் உலாவ, அவர்களின் தந்திரம் அறிந்த ஊர்காவலர் விழித்திருக்கின்றனர். மதுரைக்குத் 'தூங்கா நகரம்' என்று இன்று வழங்கும் பெயருக்கு இதைவிடப் பழைய சான்று தேவையில்லை.

இந்தக் கடைத்தெருக் காட்சிகளுக்கு இடையே மருதனார் அறங்கூறவையத்தையும் காட்டுகிறார். வழக்கைத் தீர்க்கும் அந்த அவை துலாக்கோலைப் போல நடுநின்றது என்கிறார். கடையில் தொங்கும் தராசு நீதிக்கு உவமையாகிறது. பொருளை நிறுக்கும் நேர்மையும் வழக்கை நிறுக்கும் நேர்மையும் ஒன்றே என்பது புலவரின் கருத்து. இதே கருத்தைப் பட்டினப்பாலையிலும் காணலாம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகையாகக் கொள்ளார், கொடுப்பதைக் குறையாகக் கொடார் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் கூறுகிறார். அந்தத் துறைமுகத்தில் குவிந்திருந்த பண்டங்களுள் ஈழத்து உணவும் ஒன்று என அவர் குறிப்பிடுவது நமக்குத் தனி மகிழ்ச்சி தருவது.

இனிச் சிலப்பதிகாரத்துக்கு வருவோம். மதுரைக்கு வந்த கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் பார்க்கிறான். ஊர்காண் காதை என்ற பகுதியில் பெரும்பங்கு இந்த உலாதான். இரத்தினக் கடைத்தெருவில் வயிரத்தின் குற்றங்கள் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என வகுத்துச் சொல்லப்படுகின்றன. முத்துக்கும் அவ்வாறே குற்றங்கள் பிரித்துக் காட்டப்படுகின்றன. பொன் வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்ற நால்வகைப் பொன்னுக்கும் தனித்தனிக் கொடிகள் பறக்கின்றன. எந்தப் பொன் எங்கே விற்கப்படுகிறது என்று வாங்குபவர் மயங்காதிருக்கவே அக்கொடிகள். அறுவை வீதியில் பருத்தியும் பட்டும் அடுக்கடுக்காக உள்ளன. கூல வீதியில் நிறைகோலும் பறையும் அம்பணமும் கையிற்கொண்டவர்கள் மிளகு மூட்டைகளுக்கும் தானியக் குவியல்களுக்கும் நடுவே திரிகின்றனர். கோவலன் மகிழ்ந்து திரும்புகிறான். அவன் வணிகர் குலத்தவன். கடைத்தெருவின் ஒழுங்கு அவனுக்கு விளங்கும்.

அந்த ஒழுங்கு முழுவதும் ஊருக்குப் புதியவனுக்காகவே ஏற்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். உள்ளூரவனுக்குக் கொடி வேண்டாம். கடைக்காரனை அவன் முகம் பார்த்தே அறிவான். முகம் அறியாதவனும் ஏமாறாமல் வாங்கவும் விற்கவும் கூடியதாக இருக்கவே கொடியும் தராசும் உரைகல்லும் ஏற்பட்டன.

மறுமுறை வெளியே செல்லுமுன் கோவலன் உண்ட உணவை இளங்கோ விரிவாகவே கூறுகிறார். ஆயர்சேரியில், மாதரி கொடுத்த பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால், நெய் ஆகியவற்றைக் கொண்டு கண்ணகி சமைக்கிறாள். வாழைக் குருத்தில் படைக்கிறாள். மதுரையில் எத்தனை உணவு விற்றாலும், காப்பியம் நினைவில் வைத்திருப்பது இந்த ஒரு சாப்பாட்டைத்தான்.

பிறகு அவன் ஒற்றைச் சிலம்போடு புறப்படுகிறான். வழியில் நூறு கொல்லர் பின்தொடர வரும் பொற்கொல்லனைக் கண்டு, அரசிக்கு ஏற்ற சிலம்பை விலை மதிக்க முடியுமா என்று கேட்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே. குற்றம் கோவலன் தலையில் விழுகிறது, அரசன் விசாரிக்கவில்லை. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். திறந்து பார்த்திருந்தால் ஒரு நொடியில் உண்மை வெளிப்பட்டிருக்கும். மணியின் மிக நுண்ணிய குற்றத்தையும் கண்டுசொல்லும் வீதி அந்த நகரில் இருந்தது. அரசவையிலோ, கண்ணகி வந்து சிலம்பை உடைக்கும் வரை ஒருவரும் அந்தச் சோதனையைச் செய்யவில்லை.

ஊர்காண் காதையை வெறும் வருணனை என்று கடந்துபோகின்றவர்கள் இதைத் தவற விடுகின்றனர். ஒரு சிறு பொன் துணுக்கையும் உரைத்துப் பார்க்கும் ஊர் ஒரு மனிதனின் உயிரை உரைத்துப் பார்க்காமல் எடுத்தது என்பதை உணர்த்தவே, இளங்கோ நம்மை முதலில் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்கிறார் என்று கொள்வதே பொருத்தம். மருதனார் அவைக்குச் சூட்டிய துலாக்கோல் உவமை இங்கே முறிந்துபோகிறது. மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகையம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்படும் நூலுக்கு 'வழக்குரை' என்றே பெயர் அமைந்திருப்பதும் எண்ணத்தக்கது. நம் மக்கள் இக்கதையில் நினைவிற் பதித்துக்கொண்டது அந்த வழக்கைத்தான்.

இன்று வார இறுதியில் மதுரை செல்லும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் தமிழ் மாதங்களின் பெயர் தாங்கிய வீதிகள் வளையம் வளையமாக அமைந்துள்ளன. பொன் வாங்குவோர் தெற்கு ஆவணி மூல வீதிக்குச் செல்வர். விளக்குத்தூண், பத்துத்தூண் பகுதிகளில் புடவைக் கடைகள் நிறைந்துள்ளன. சௌராட்டிரர் முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடியைக் கேட்டு வாங்கலாம். மல்லிகைக்கு மாட்டுத்தாவணிப் பூச்சந்தை. சாப்பாட்டுக்குக் கறிதோசையும், இரவு வெகுநேரம் வரை சுடச்சுடக் கிடைக்கும் இட்லியும், பருத்திப்பாலும், ஜிகர்தண்டாவும் உண்டு. ஒரு முற்பகலைக் கீழடிக்கு ஒதுக்குவது நன்று. 2015 இல் அங்கே அகழாய்வு தொடங்கியது. 2023 இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மண்ணிலிருந்து வந்த மணிகளையும் பொன் அணிகளின் துண்டுகளையும் அங்கே காணும்போது, பாட்டில் படித்த வீதிகள் கண்முன் வரும்.

எந்த நகருக்குப் போனாலும் வாங்கிய பொருளையும் உண்ட உணவையும் பற்றிப் பேசுவது நம் வழக்கம். முகம் அறியாத நம்மிடம் அந்த ஊர் எவ்வாறு நிறுத்துக் கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பேசினால், மருதனாரும் இளங்கோவும் கேட்ட கேள்வியை நாமும் கேட்டவர்களாவோம்.