மலைவாழிடத் தங்கல் வீடு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் சொந்த வீட்டைச் சுற்றுலா வருவோருக்கு நாள் வாடகைக்கு விடுவது மலைவாழிடத் தங்கல் வீடு எனப்படும். உள்ளூர்ப் பேச்சில் இது காட்டேஜ். வீட்டுக்காரர் குடும்பமும் அங்கேயே குடியிருந்தால் ஹோம்ஸ்டே. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே வகைப்பாட்டைப் பெற உரிமையாளர் அந்த வீட்டில் வசிக்க வேண்டும். விருந்தினருக்கு விடும் அறைகள் 6-ஐயும் படுக்கைகள் 12-ஐயும் தாண்டக் கூடாது. கோல்டு, சில்வர் என இரு தரங்கள் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது அனுமதி. தமிழக மலையூர்களில் கட்டடங்களுக்குத் தனி விதிகள் 1993 முதல் நடைமுறையில் உள்ளன. குடியிருப்புக்கென அனுமதி வாங்கிய கட்டடத்தை விடுதியாக நடத்தினால் அதிகாரிகள் சீல் வைக்கலாம். பலமுறை வைத்தும் இருக்கிறார்கள். முதுமலையை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளை மூட உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. அந்த இடத்தை வழித்தடமாக அறிவித்த அரசின் அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. யானை நடக்கும் பாதையில் இருக்கும் வீட்டை எவ்வளவு அழகுபடுத்தினாலும் அது வாடகைக்கு விடத் தகுந்த வீடு ஆகாது.

மலைவீட்டைத் தயார் செய்வதில் பாதி வேலை ஈரத்தோடுதான். ஊட்டியின் மேற்குப் பகுதியும் கூடலூரும் தென்மேற்குப் பருவமழையில் நனையும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவத்தில்தான் பெருமழை. பூட்டியே கிடக்கும் வீட்டில் அந்த மாதங்களில் மெத்தை, தலையணை, அலமாரியின் பின்பலகை எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். அதன்மேல் புது விரிப்புப் போட்டாலும் வாடை போகாது. ஓட்டின் ஒழுகலை மழைக்கு முன்பே அடைத்து, வெயில் வந்ததும் மெத்தையை வெளியே காயவைத்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுண்ணாம்போ பெயின்டோ அடித்தால் ஏப்ரல் சீசனுக்கு வீடு மூச்சு விடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் தாழ்வான இடங்களில் உறைபனி விழும். கட்டிலுக்கு இரண்டு கம்பளிகளும், ஒரு குடும்பம் அடுத்தடுத்துக் குளிக்கப் போதுமான கீசரும் அப்போது அலங்காரப் பொருள் எதையும்விட முக்கியம். மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்துக் குளிர்காய விடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். இதை அறைச் சுவரில் எழுதி ஒட்டுவதோடு, கேர்டேக்கர் வாயாலும் சொல்ல வேண்டும்.

குப்பைக்கும் இங்கே தனிக் கவனம் தேவை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடிகள் எண்ணெய் வாசனைக்கு வீடு புகுவதுண்டு; கொடைக்கானலில் காட்டுமாடுகள் தெருவிலேயே நடமாடும். சமையல் கழிவை இரவில் வெளியே வைக்காமல் மூடி போட்ட தொட்டியில் அடைத்து வைப்பது விருந்தினருக்கும் விலங்குக்கும் பாதுகாப்பு.

வீட்டு வாடகை விளம்பரத்தை இணையத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்றான வி.ஆர்.பி.ஓ. 1995-இல் தொடங்கியதும் ஒரு மலைவீட்டுக்காகத்தான். டேவிட் கிளவுஸ் என்ற அமெரிக்கர் கொலராடோவின் பனிச்சறுக்கு ஊரான பிரெக்கன்ரிட்ஜில் இருந்த தம் வீட்டை வாடகைக்கு விட அதை உருவாக்கினார். 2008-இல் தொடங்கிய ஏர்பிஎன்பி, நியூயார்க்கில் வீடுகள் போகாததற்கு மங்கலான படங்களே காரணம் என்று கண்டது. நிறுவனர்களே வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்துக் கொடுத்தனர், முன்பதிவு கூடியது. மலைவீட்டுக்கும் பகல் வெளிச்சத்தில், சன்னல்களைத் திறந்து எடுத்த படமே நல்லது. குளியலறை, சமையலறை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றின் படங்களும் வேண்டும். பள்ளத்தாக்குக் காட்சியை மட்டும் பெரிதாகக் காட்டினால், மூடுபனியில் வந்து சேர்பவர் ஏமாந்துபோவார்.

படத்துக்குக் கீழே எழுதுவதில்தான் பல விளம்பரங்கள் கோட்டை விடுகின்றன. கடைசி அரைக் கிலோமீட்டர் சாலையில் கார் ஏறுமா, முதியவர் இறங்க வேண்டிய படிகள் எத்தனை, எந்த நிறுவனத்தின் செல்போன் சிக்னல் கிடைக்கும் என்பவை தவறாமல் இடம்பெற வேண்டும். பெங்களூரிலிருந்து வருவோருக்குப் பந்திப்பூர், முதுமலைச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும் என்று சொல்லாவிட்டால் அவர்கள் சோதனைச் சாவடியில் இரவைக் கழிக்க நேரும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் நாளொன்றுக்கு அனுமதிக்கும் வாகன எண்ணிக்கைக்கும் உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரத் தடை இருப்பதையும் முன்கூட்டியே தெரிவிப்பது நலம். கொடைக்கானலில் 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக் கணக்குப்படி இனி 2030-இல்தான் பெருமளவில் பூக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் குறிஞ்சிப் படத்தைப் போட்டு ஆள் சேர்ப்பது பொய் விளம்பரம்.

ஏப்ரல், மே மாதங்கள் முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். வாடகை இவற்றை ஒட்டி ஏறி இறங்கும். கூடுதல் படுக்கை, கேம்ப்ஃபயர், சமையல் ஆள் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் என்றால் அதை அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். விருந்தினரின் அடையாள அட்டை நகல் வாங்கிப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையவழியாகத் தகவல் தருவது உரிமையாளரின் பொறுப்பு.