சாம்பல் நிறத்தில் எஞ்சிய வேகம்

தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில், 1930களிலேயே இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைப் பந்தயம் விட்டனர். மட்கார்டுகளைக் கழற்றி எடை குறைத்து, 1932இல் ஃபோர்டு அறிமுகப்படுத்திய வி-8 எஞ்சினைத் தம் கைகளாலேயே முடுக்கினர். இவ்வண்டிகளே பின்னர் 'ஹாட் ராட்' எனப்பட்டன. 1937இல் பந்தயங்களை ஒழுங்குபடுத்தச் சங்கம் அமைந்தது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சனின் 'ஹாட் ராட்' இதழ் வெளிவந்தது.

அக்காலத்தை நாம் அறிவது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களின் வழியேதான். புழுதியையும் கூரையின் தாழ்வையும் கதவில் எழுதிய எண்ணையும் அவை துல்லியமாகக் காத்துத் தந்தன; வண்ணத்தை மட்டும் தரவில்லை. சிவப்பும் பச்சையும் படச்சுருளில் ஒரே சாம்பலாகப் பதியக்கூடும். ஆகவே பழைய வண்டியொன்றை மீட்டெடுப்பவர், வடிவத்தைப் படத்தில் கண்டாலும், நிறத்தை அறியப் பூச்சின் அடுக்குகளைச் சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்றைய மரபு ஆர்வலர் சிலர் பழமையின் சாயல் வேண்டிக் கறுப்பு வெள்ளைச் சுருளிலேயே படமெடுக்கின்றனர். அழகுதான். ஆனால் அந்தச் சாம்பல் நிறம் படச்சுருளுக்கு உரியது. அவ்விளைஞர்கள் ஆசையாய்த் தீட்டிய உலகுக்கு உரியதன்று. கடந்த காலம் மங்கலாக இருந்ததென நாம் நம்பத் தொடங்கும் இடம் இதுவே.