கள், புகை, கூட்டு விரதம்: மலாக்காத் தோட்டங்களின் ஒரு வரலாறு

மலாக்காவின் ரப்பர் தோட்டங்களில் கள்ளையோ புகையையோ யாரும் தனியாகப் பழகிக்கொண்டதில்லை. விட்டவர்களும் பெரும்பாலும் தனியாக விட்டதில்லை. லயத்தில் பத்துக் குடும்பம் ஒரே கூரையின்கீழ், அதிகாலைப் பிரட்டு என்னும் ஆள்கணக்கில் எல்லாரும் ஒரே வரிசையில், மாலையில் எல்லாரும் ஒரே கடை வாசலில். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் மட்டும் விலகி நிற்பது நடக்கிற காரியமல்ல. நாலு பேராகவோ நாற்பது பேராகவோ சேர்ந்துதான் விலக முடிந்தது. அந்தக் கூட்டு விலகல் சில நேரம் விரதமாக வந்தது, சில நேரம் மறியலாக வந்தது, கடைசியில் கிளினிக் அட்டையாகவும் வந்தது.

மலாயாவில் ரப்பரைத் தோட்டப் பயிராக முதலில் நட்ட இடம் மலாக்காதான். சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநர் ரிட்லியிடம் விதை வாங்கி, 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டவர் மலாக்காச் சீனரான தான் சாய் யான். பிறகு புக்கிட் அசஹானில் அதைப் பெருந்தோட்டமாக விரித்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர் பரவ, கங்காணிகள் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். மலாக்கா நகரில் தமிழர் அதற்கு முன்பே இருந்தார்கள். செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் 1781-ஐச் சேர்ந்தது. தோட்டத்துத் தமிழரின் வாழ்க்கை வேறு. அதன் நேரமும் கூலியும் மாலைப்பொழுதும் துரையின் கணக்கில் அடங்கியவை.

பால்வெட்டின் நடைமுறையிலேயே புகைக்கு ஓர் இடம் இருந்தது. விடியுமுன் தொடங்கி ஒரு நெரை மரங்களையும் வெட்டி முடித்தால், பால் மங்குக் கிண்ணத்தில் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் கத்தியை மரத்தில் சாய்த்துவிட்டு ஆண்கள் பீடியையோ சுருட்டையோ பற்றவைப்பார்கள், பெண்கள் இடுப்பில் செருகிய வெற்றிலைப் பையை அவிழ்ப்பார்கள். பக்கத்து மலாய்ச் சிற்றூரிலிருந்து நிப்பா இலையில் சுருட்டிய ரோக்கோ தாவுனும் வந்து சேர்ந்தது. ரப்பர்க் காட்டுக் கொசுவுக்குப் புகை நல்லது என்ற பேச்சும் இருந்தது. ஒரு பீடிக்கட்டை நாலு பேர் பங்கிட்டார்கள். நெருப்புக் கேட்பதுதான் புதிதாக வந்தவனோடு பேச்சைத் தொடங்கும் வழி.

கள் மாலைக்கு உரியது. அதற்குக் கடை இருந்தது, உரிமம் இருந்தது, திறக்கும் நேரமும் மூடும் நேரமும் இருந்தன. தோட்டத்து எல்லைக்குள்ளேயே நிர்வாகத்தின் கண்காணிப்பில் கள்ளுக்கடை நடத்த மலாயா அரசு அனுமதித்தது. கடை லாபத்தைத் தொழிலாளர் நலச் செலவுகளுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் இருந்தது. குடித்தவன் காசிலேயே அவன் பிள்ளைக்கு நன்மை செய்ததாகக் கணக்கு எழுதும் சாமர்த்தியம் இது. கடையை மூடினால் ஆள் சம்சு என்னும் திருட்டுச் சாராயத்தைத் தேடிப் போவான், அது கள்ளைவிடக் கேடு என்பது நிர்வாகத்தின் வாதம். அதில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதே வாதம் பல ஆண்டுகள் கடையைத் திறந்தே வைக்கவும் பயன்பட்டது.

தமிழனுக்குக் கள் என்றால் சீனத் தொழிலாளிக்கு அபின். நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் பெரும்பகுதி அபினிலிருந்தே வந்தது. மலாக்காவும் அந்தக் குடியேற்றங்களில் ஒன்று. தான் சாய் யானை ரப்பர் நடத் தூண்டியவர்களில் ஒருவரான மருத்துவர் லிம் பூன் கெங்கே அபின் எதிர்ப்பிலும் முன்னின்றார். 1906-இல் சிங்கப்பூரில் அபின் எதிர்ப்புச் சங்கமும், அபினை விட விரும்புவோர் கூடித் தங்கும் விடுதியும் தோன்றின. அதே காலத்தில் மலாக்காவின் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானிலும் சிலாங்கூரிலும் ஒரு காட்டுக்கொடியின் இலை அபினை மறக்கடிக்கிறது என்ற செய்தி பரவியது. தாவர நூலார் அதைக் கொம்பிரீட்டம் சுண்டாய்க்கம் என்பார்கள். இலையை வறுத்துக் கொதிக்க வைத்து இரண்டு புட்டிகளில் ஊற்றுவார்கள். ஒரு புட்டியில் மட்டும் அபின் கலந்திருக்கும். அதிலிருந்து ஒரு வேளைக்கு எடுத்துக் குடித்ததும் அதே அளவு வெறும் கஷாயத்தை இரண்டாம் புட்டியிலிருந்து ஊற்றி நிரப்ப வேண்டும். நாளாக ஆக முதல் புட்டியில் அபின் மெலிந்து, கடைசியில் இலைத்தண்ணீர்தான் மிஞ்சும். இலவசமாகக் கொடுத்த இடங்களில் கூட்டம் அலைமோதியது. பின்னர் ஆய்வகத்தில் சோதித்தபோது இலையில் மருந்துச் சத்து எதுவும் பிடிபடவில்லை. அளவைப் படிப்படியாகக் குறைத்ததும், வரிசையில் தன்னைப் போல் நூறு பேர் நின்றதுமே வேலை செய்திருக்க வேண்டும். இன்றைய நிக்கோட்டின் ஒட்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை வலுவைக் குறைக்கும் முறையில், அந்தப் புட்டிக் கணக்கையே பின்பற்றுகிறது.

தமிழரிடம் சேர்ந்து விடும் இந்த எண்ணம் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும் வந்தது. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது ஈ. வெ. ராமசாமி தம் தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். அவருடைய மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் மறியலில் நின்றார்கள். 1929 இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்து சென்றபின் சீர்திருத்தப் பேச்சு தோட்டங்களை எட்டியது. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935-இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசும் தோன்றின. 1936-இல் மலாயா இந்திய மத்திய சங்கம் உருவானது. அந்த ஆண்டு இறுதியில் தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி, 1937-இல் வெளியிட்ட அறிக்கையில் தோட்டக் கள்ளுக்கடைகளைப் பற்றியும் எழுதினார். அதே 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சேலத்திலிருந்து கப்பலேறி வந்தவனுக்குச் சொந்த ஊரில் கடை மூடிவிட்டது, தோட்டத்தில் லயத்துப் பக்கமே திறந்திருந்தது.

1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தால், கள்ளின் இடம் விளங்கும். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்துக்கு முடிவு என்பவற்றோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. குடிப்பவர்களே கடையை மூடச் சொன்னார்கள் என்பதை நிர்வாகம் நம்பவில்லை. ஆனால் அதில் வியப்பு ஏதும் இல்லை. கடை கண்ணெதிரே இருக்கும்வரை தன்னால் நிறுத்த முடியாது என்பது குடிப்பவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். வேலைநிறுத்தத் தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துருப்புகள் சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தார்கள்.

போருக்குப் பின் கள் எதிர்ப்புக்குப் படையின் உருவம் வந்தது. இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய தோட்டத்து இளைஞர்களுக்கு அணிவகுக்கத் தெரியும், கட்டளைக்கு நிற்கத் தெரியும். கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவானது. குடியை விட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்கள் கடை வாசலில் நின்றார்கள். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து குடித்த கூட்டாளி இன்று எதிரே கைகட்டி நிற்கும்போது உள்ளே நுழைவது எளிதல்ல. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை மறியலைப் போலீசார் கலைத்தபோது ஒரு தொழிலாளி இறந்தார். மார்ச் தொடக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்தில் மீண்டும் மோதல். 1948-இல் அவசரகாலச் சட்டம் வந்தபின் இப்படிப்பட்ட அணிகளுக்கு இடமில்லாமல் போனது.

தொண்டர் படையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் ஒரு பக்கத்தைத் தவிர்த்துவிடுகிறார்கள். குடித்து வந்தவர்களைப் படையினரே விசாரித்துத் தண்டித்தார்கள் என்ற புகாரும் அப்போதே இருந்தது. கூட்டத்தின் ஊக்கத்துக்கும் கூட்டத்தின் அடக்குமுறைக்கும் இடையே லயத்துச் சுவர் அளவுதான் இடைவெளி. அச்சத்தால் நிறுத்தியவன் அச்சம் விலகியதும் கடைக்குத் திரும்பினான்.

அந்த ஆண்டுகளில் பீடியை எதிர்த்துப் பெரிய மறியல் எதுவும் நடக்கவில்லை. காரணம் எளிது. கள் சம்பள நாளிலேயே சம்பளத்தைத் தின்றது, வீட்டில் அடிதடி கொண்டுவந்தது. பீடியின் கணக்கு இருபது முப்பது ஆண்டு கழித்து நெஞ்சில்தான் தெரியும். புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டாலும் ஹில்லும் லண்டனில் ஆராய்ந்து வெளியிட்டதே 1950-இல்தான்.

புகைக்கு எதிரான முதல் கூட்டு ஒழுங்கு தோட்டத்துக்குக் கோயில் வழியாக வந்தது எனலாம். மலாக்காவின் செங் பகுதியில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் மாசி மகம் பெருவிழா. அதற்கும் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி நேர்ந்தவர்கள் விரத நாள்களில் மதுவையும் புகையையும் தவிர்ப்பார்கள். இதையே நாள் கணக்கோடும் துணையோடும் கட்டிக் கொடுத்தது ஐயப்ப விரதம். கார்த்திகையில் மாலை போட்டால் 41 நாள். கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், விடியற்காலைக் குளியல். பலமுறை சபரிமலைக்குப் போய்வந்த குருசாமி ஒருவர், முதல்முறை போகும் கன்னிச்சாமிகளைக் கவனித்துக்கொள்வார். மாலை போட்டவனை வீட்டில் மனைவியும், பணியிடத்தில் மேலாளும், காப்பிக்கடையில் பழைய கூட்டாளியும் ‘சாமி’ என்றே கூப்பிடுகிறார்கள். ‘சாமி, ஒரு சிகரெட்’ என்று யாரும் நீட்டுவதில்லை. நீட்டினால் நீட்டியவனுக்கே கூச்சம். மாலை எந்தப் பூட்டும் இல்லாத கயிறுதான். அதைச் சுற்றி நிற்பவர்கள்தான் பூட்டு. இருமுடி இறக்கி மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய கடை வாசலில் நிற்பவர்களும் உண்டு. பலர் இதை ஆண்டுக்கொருமுறை ஓய்வாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் 41 நாள் நிறுத்த முடிந்தது என்பதே சிலருக்கு மேலே போக வழிகாட்டியது.

சுற்றி நிற்பவர்களின் இந்த வலிமைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு புள்ளிவிவரச் சான்று 2008-இல் வந்தது. மசாசூசெட்சின் ஃபிராமிங்காம் ஊரில் தொடங்கிய இதயநோய் ஆய்வில் 12,067 பேரின் உறவு, நட்பு வலையை 1971 முதல் 2003 வரை கிறிஸ்டாக்கிசும் ஃபவுலரும் அலசினார்கள். புகைப்பவர்கள் ஒவ்வொருவராக அல்ல, கொத்துக் கொத்தாகவே நிறுத்தியிருந்தார்கள். கணவனோ மனைவியோ நிறுத்தினால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் நிறுத்தினால் 36 விழுக்காடு, சிறிய பணியிடத்தில் உடன் வேலை செய்பவர் நிறுத்தினால் 34 விழுக்காடு. பிரட்டு வரிசையை அறிந்த எவருக்கும் இது புதுச் செய்தியாக இருந்திருக்காது. தமிழ்நாட்டில் கூட்டாக நிறுத்தும் இந்த முறைக்கு மருத்துவ வடிவம் தந்தது, சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை. 1989 முதல் திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடியில் அது நடத்திய 15 நாள் முகாம்களில், குடியை நிறுத்த வந்தவர்கள் சொந்த ஊர்ச் சூழலிலேயே ஒன்றாகத் தங்கினார்கள்.

மலாக்காவில் இதற்குள் லயங்கள் கலையத் தொடங்கியிருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிள்ளைகள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் நகர்ந்தார்கள். கள்ளுக்கடையின் இடத்தைப் பிளாஸ்டிக் புட்டியில் வரும் மலிவு மதுவும், பீடியின் இடத்தைச் சிகரெட்டும் பிடித்தன. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் மது, புகை இரண்டையும் எதிர்த்துத் தமிழிலும் விடாமல் எழுதியும் பேசியும் வந்தது. அரசுத் தரப்பில் புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகள் 1993-இலும் 2004-இலும் வந்தன. உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை மலேசியா 2005-இல் ஏற்றது. 2011-இல் மலாக்கா மாநிலம் உலக மரபுரிமை நகரையும் வேறு சில நகரப் பகுதிகளையும் புகையற்ற பகுதிகளாக அறிவித்தது. பொய்யாத விநாயகர் கோயிலும் அதைச் சுற்றியுள்ள பழைய வீதிகளும் அந்த மரபுரிமை நகருக்குள் அடங்கியவை.

2019 தொடக்கத்தில் நாடு முழுவதும் உணவகங்களில் புகை தடைசெய்யப்பட்டது. மேசையிலிருந்து 3 மீட்டருக்குள் பற்றவைக்கக் கூடாது. தே தாரேயும் சிகரெட்டும் ஒன்றாகவே போன தமிழ் இளைஞர்களின் மாலைக்கு இது பெரிய மாற்றம்: இப்போது புகைக்க வேண்டியவர்தான் கூட்டத்தை விட்டு எழுந்து போகிறார். பொதுச் சுகாதாரத்துக்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1-இல் நடப்புக்கு வந்தது. நாட்டில் புகைக்கும் பெரியவர்கள் 2015-இல் 22.8 விழுக்காடு, 2019-இல் 21.3, 2023-இல் 19. வேப் என்னும் மின்சிகரெட் இதற்குள் அடங்காத தனிக்கதை.

புகையை நிறுத்த உதவ அரசுச் சுகாதார நிலையங்களில் நடக்கும் ‘எம்-குவிட்’ சேவை 2015-இல் அந்தப் பெயரோடு தொடங்கியது. அங்கே போகிறவர் முதலில் நிறுத்தும் நாள் ஒன்றைக் குறிக்கிறார். ஆலோசனை, ஒட்டு அல்லது மெல்லும் பசை, தேவைப்பட்டால் மாத்திரை, பிறகு தொடர் சந்திப்புகள். வீட்டாரிடமும் உடன் வேலை செய்பவரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்கும்படி ஆலோசகர் கேட்டுக்கொள்வார். நிறுத்தியதாகக் கணக்கில் எழுத 6 மாதம் புகையின்றி இருக்க வேண்டும். மாலை போட்டு 41 நாள் கடந்தவருக்கு, இந்தக் கணக்கில் இன்னும் நாலரை மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது.